கதவுக்குப் பின்னால் ஒரு பேக்

ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஜன்னலோரத்தில் இருந்தவள் போன வாரம் ஏதோ சமாதான முகாமுக்குப் போய் வந்தவள்.

"எங்கம்மா மாசமா இருக்காங்களான்னு கேட்டாடி முகாம்ல என்கூட இருந்த அந்த சிங்களப் புள்ள."

"ஏன்டி அப்படிக் கேட்டா?"

"அவசரமா வீட்ட விட்டுப் போகணும்னா எதை எடுப்பீங்கன்னு முகாம்ல கேட்டாங்க. எல்லாரும் போன், நாய்க்குட்டின்னாங்க. எங்க வீட்ல கதவுக்குப் பின்னால எப்பவும் ஒரு பேக் ரெடியா இருக்கும்னேன். அவங்க ஊர்ல புள்ள பெக்க ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் அப்படிக் கட்டி வைப்பாங்களாம்."

"நீ என்ன சொன்ன?"

"கலவரம் வந்தா ஓடுறதுக்குன்னேன். அவளுக்கு மொகமே மாறிப்போச்சு. உள்ள என்ன இருக்குன்னு கேட்டா. துணி, டோர்ச், பிஸ்கட்டுன்னேன். பிஸ்கட்ட மட்டும் நான் அப்பப்ப தின்னுட்டு புதுசு வச்சிருவேன்னதும் சிரிச்சிட்டா."

பஸ் மஸ்கெலியாவில் நின்று கிளம்பியது.

"அவ திருவிழாவுக்கு வந்து எங்க தோட்டத்து லயத்து வீட்ல ரெண்டு நாள் தங்கப்போறா."

"உங்கம்மா ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லல. கடைக்குப் போயி இன்னொரு பிஸ்கட் பாக்கெட்டு வாங்கிட்டு வந்து அந்த பேக்ல வச்சாங்க. எதுக்கும்மான்னேன். ஓடுறதா இருந்தா அந்தப் புள்ளையையும் கூட்டிக்கிட்டுத்தான ஓடணும்னாங்க."