கொக்கியைக் கழற்றும் நாள்

வேணுகோபால்: ஸ்டீரிங்க ஒடிங்க, இன்னும் ஒடிங்க... ஐயோ, அந்தப் பக்கம் இல்லங்க!

இளையபெருமாள்: நீங்கதானே இடது பக்கம்னு...

வேணுகோபால்: ட்ரெய்லர் இடது பக்கம் போவணும்னா ஸ்டீரிங் வலது பக்கம் ஒடியணும். எத்தனை தடவ சொல்றது?

இளையபெருமாள்: எனக்கே சொல்லித் தரீங்களா? ஆலத்தியூர் குவாரியில இருபத்தெட்டு வருஷம் டம்பர் ஓட்டுனவன் நான்!

வேணுகோபால்: டம்பருக்கு வாலு கிடையாது சம்பந்தி, இதுக்கு இருக்கு... நிறுத்துங்க! நிறுத்துங்க! பின்னாடி புளியமரம்!

இளையபெருமாள்: மரம் இருக்குன்னு முன்னாடியே சொல்றதில்லையா?

வேணுகோபால்: அது என்ன, நேத்து வந்து நின்ன மரமா?

இளையபெருமாள்: எல்லாம் உங்களாலதான். உங்க காட்டு பைக்க, அந்த ஏடிவிய ட்ரெய்லர்ல இவ்வளவு பின்னாடி தள்ளி ஏத்தலாமா? வழியெல்லாம் வாலை ஆட்டிக்கிட்டே வந்துச்சு. கீழப்பழூர்ல அந்த சிமெண்டு லாரிக்காரன் என்னைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டுட்டுப் போறான்.

வேணுகோபால்: உங்க கேரவன்ல தண்ணி டேங்கு, கேஸ் அடுப்பு, மெத்தை, தலகாணின்னு ஒரு கல்யாண வூட்டுச் சாமானையே ஏத்தி வச்சிருக்கீங்க. நான் கொண்டாந்தது ஒரே ஒரு ஏடிவி. அது கண்ண உறுத்துதா?

இளையபெருமாள்: அந்த ஒரே ஒரு ஏடிவி முந்நூறு கிலோங்க... சரி, இப்ப நேரா இருக்கா? சக்கரத்துக்குக் கல்லு போடுங்க.

வேணுகோபால்: போட்டாச்சு. எறங்குங்க. முட்டியப் பாத்து.

இளையபெருமாள்: என் முட்டிய நான் பாத்துக்கறேன்.

வேணுகோபால்: போன மாசம் பச்சைமலையில பாத்துக்கிட்டீங்களே. கொழந்தையாட்டம் தூக்கி உக்கார வச்சது யாரு?

குஞ்சம்மாள்: ஏங்க! இந்தாங்க! யாரு அது? மணல் அள்ள வந்தீங்களா?

இளையபெருமாள்: மணலா? ஐயையோ, இல்லம்மா...

குஞ்சம்மாள்: ட்ரெய்லரு மாட்டிக்கிட்டுக் கொள்ளிடத்துக்கு வர்றவங்க வேற எதுக்கு வருவாங்க? வி.ஏ.ஓ.வுக்கு போன் போடவா? என் பேரு குஞ்சம்மா. இந்தக் கரையில எனக்குத் தெரியாம ஒரு கூடை மணல் போவாது.

வேணுகோபால்: நல்லா பாரும்மா, மேல பைக்குதான் இருக்கு.

குஞ்சம்மாள்: பைக்குக்கு எதுக்கு நாலு சக்கரம்?

வேணுகோபால்: அப்பதான் மணல்ல பொதையாது. எங்க முந்திரிக்காட்டுக்குன்னு வாங்குனது. கேரவன் கரையோட நின்னுடும், இது தண்ணி வரைக்கும் போவும். இவருக்கு முட்டி தேஞ்சு போச்சு, அவ்வளவு தூரம் மணல்ல நடக்க மாட்டாரு.

குஞ்சம்மாள்: ஒரு வண்டிய இன்னொரு வண்டி மேல ஏத்தி, அத வேற ஒரு வண்டியில கட்டி இழுத்துக்கிட்டு... ரெண்டு காலுக்குப் பத்து சக்கரமா?

இளையபெருமாள்: அவர நல்லா கேளும்மா.

குஞ்சம்மாள்: உள்ள என்ன, கட்டிலு, அடுப்பு, விளக்கு... வூடேதான். பொம்பளைங்க யாரும் வரலியா?

வேணுகோபால்: வரல.

குஞ்சம்மாள்: அண்ணந்தம்பியா ரெண்டு பேரும்?

இளையபெருமாள்: சம்பந்தி.

வேணுகோபால்: பிரெண்டுங்க.

குஞ்சம்மாள்: ஒரு கேள்விக்கு ரெண்டு பதில் சொன்னா நான் எத நம்புறது?

இளையபெருமாள்: சம்பந்திதாம்மா. என் பையனுக்கு இவங்க பொண்ணு. உங்க ஊரு கோயில் நந்தி கல்யாணத்துக்கு வந்த எடத்துலதான் ஜாதகம் மாத்திக்கிட்டோம். ஏழு வருஷம் ஆச்சு.

குஞ்சம்மாள்: அப்படிச் சொல்லுங்க! எங்க ஊரு ராசி அது. புள்ளைங்க நல்லாருக்காங்களா?

வேணுகோபால்: இருக்காங்க. மெட்ராஸ்ல.

குஞ்சம்மாள்: பேரப்புள்ளைங்க?

வேணுகோபால்: இல்லம்மா.

குஞ்சம்மாள்: அடடா... அதுங்க ரெண்டையும்ல கூட்டியாந்து இதுல ஏத்தி வுட்டிருக்கணும்! பெத்தவங்க நீங்க ஜோடி போட்டுக்கிட்டு சுத்துறீங்க. சரி, என் ஆடு அந்தாண்ட போவுது. நடு ஆத்துல மணல் எடுத்த குழி கெடக்கு. பாத்துப் போங்க.

வேணுகோபால்: ஏடிவி பெல்ட்ட அவுங்க. நான் இந்தப் பக்கம் அவுக்கறேன்.

இளையபெருமாள்: பிரெண்டுன்னீங்க.

வேணுகோபால்: வாய் தவறி வந்துடுச்சு.

இளையபெருமாள்: ஏழு வருஷத்துல ஒரு நாளும் தவறாத வாயி.

வேணுகோபால்: அதுங்க ரெண்டும் பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆவுது. முன்ன பின்ன தெரியாத பொம்பளைகிட்ட எதுக்குப் பொய்யின்னு...

இளையபெருமாள்: எதுங்க பொய்யி? பிரிஞ்சு இருக்காங்க, கேசு நடக்குது. விவாகரத்துன்னு தீர்ப்பு வந்துடுச்சா? அது வர்ற வரைக்கும் நீங்க எனக்கு சம்பந்தி, நான் உங்களுக்கு சம்பந்தி. வந்த அன்னிக்கு ட்ரெய்லர் கொக்கியக் கழட்டிடறது. கேரவன் எங்க வூட்டுக்கு, ஏடிவியும் ட்ரெய்லரும் உங்க வூட்டுக்கு. அதுக்கப்பறம் போக்குவரத்தே கிடையாதுன்னு ரெண்டு வூட்டுப் பொம்பளைங்ககிட்டயும் வாக்கு குடுத்திருக்கோம். குடுத்தோமா இல்லியா?

வேணுகோபால்: குடுத்தோம், குடுத்தோம். கத்தாதீங்க, ஆடு மெரளுது... வாய்தா என்ன ஆச்சாம்? மாப்ள ஏதாவது சொன்னாரா?

இளையபெருமாள்: என் பையன் பிரேம்தானே? சொன்னான். ஆவணிக்குத் தள்ளி வச்சுட்டாங்களாம். ஜட்ஜு லீவாம்.

வேணுகோபால்: ஆமாமா. எம் பொண்ணு கீதாஞ்சலியும் அதான் சொன்னா. வக்கீலுங்க யாரும் கோர்ட்டுக்கு வரலியாம்.

இளையபெருமாள்: ஜட்ஜு லீவு.

வேணுகோபால்: ஜட்ஜு லீவுங்கறதாலதான் வக்கீலுங்களும் வரல.

இளையபெருமாள்: அப்படித்தான் இருக்கும்.

வேணுகோபால்: ஆவணியா?

இளையபெருமாள்: ஆவணி. நீங்க என்ன கேள்விப்பட்டீங்க?

வேணுகோபால்: ஆவணிதான்.

இளையபெருமாள்: அப்ப ஆனி, ஆடி... இன்னும் ரெண்டு ட்ரிப்பு இருக்கு! ஆனியில காரைங்கற ஊருக்குப் போவோம். அங்க கல்லாப் போன சிப்பி, நத்தையெல்லாம் கெடக்குதாம். மேடும் பள்ளமுமா அரிச்சுக் கெடக்குற பூமி, ஏடிவி இல்லாம உள்ள போவ முடியாது. நான் பின்னாடி உங்க இடுப்பப் புடிச்சுக்கிட்டு...

வேணுகோபால்: இடுப்பையா புடிக்கிறீங்க? சட்டையக் கிழிக்கிறீங்க. ஆனியில எனக்குத் தோதுப்படாது சம்பந்தி.

இளையபெருமாள்: ஏன்?

வேணுகோபால்: வூட்டுல ஒரு விசேஷம் வரலாம்.

இளையபெருமாள்: என்ன விசேஷம், எனக்குத் தெரியாம?

வேணுகோபால்: கீதாவுக்கு... ஒரு எடம் வந்திருக்கு. உடையார்பாளையத்துல. வர்ற ஞாயித்துக்கெழம பாக்க வராங்க. அந்தப் பையனுக்கும் முன்னாடி ஒண்ணு முறிஞ்சதுதான். நல்ல மனுஷங்களாத் தெரியுது.

இளையபெருமாள்: கீதா சரின்னுச்சா?

வேணுகோபால்: போன்ல ரெண்டு தடவ பேசியிருக்கா. பேசிட்டு, ஊருக்கு வந்தப்ப எங்ககிட்ட சொல்றப்ப சிரிச்சா சம்பந்தி. அவ சிரிச்சுப் பாத்தே ரொம்ப நாளாச்சு.

இளையபெருமாள்: சிரிக்கட்டும். நல்லா சிரிக்கட்டும். எங்க வூட்டுல வெளக்கேத்துன புள்ள அது. எங்க பயலுக்குத்தான் குடுத்து வைக்கல.

வேணுகோபால்: மாப்ளயையும் ஒரு குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டும் நல்லதுங்கதான், சேந்து இருக்க வரல. அவ்வளவுதான்.

இளையபெருமாள்: அந்தப் பையனோட அப்பா... எப்படி? வண்டியெல்லாம் ஓட்டுவாரா?

வேணுகோபால்: தெரியல. கேக்கல.

இளையபெருமாள்: கேட்டு வச்சுக்கங்க. ட்ரெய்லர ரிவர்ஸ் எடுக்கத் தெரியுமான்னு.

வேணுகோபால்: உங்களுக்கே தெரியாது!

இளையபெருமாள்: அதனாலதான் சொல்றேன். அவராவது தெரிஞ்சவரா இருக்கட்டும்... பெல்ட்ட ஏன் மறுபடி இறுக்குறீங்க? ஏடிவிய எறக்கலியா?

வேணுகோபால்: எறக்க வேணாம். ட்ரெய்லர இங்கயே கழட்டி வுட்டுடுங்க. எங்க தங்கச்சி மகன் தமிழ்மாறன் திருமானூர்லதான் இருக்கான். டிராக்டர் கொண்டாந்து இழுத்துக்கிட்டுப் போயிடுவான். நீங்க கேரவன எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க.

இளையபெருமாள்: ஏங்க, இப்ப என்ன ஆச்சு? தீர்ப்புதான் இன்னும் வரலியே... வரலதானே?

வேணுகோபால்: தீர்ப்பு வராம யாராவது பொண்ணு பாக்க வருவாங்களா சம்பந்தி? மாசி மாசமே வந்துடுச்சு. கீதா அன்னிக்கே சொல்லிட்டா. உங்களுக்குத் தெரிஞ்சா மறுநாளே கொக்கியக் கழட்டிடுவீங்கன்னு நான்தான் மறைச்சேன். வக்கீலு வரலன்னது, ஆவணின்னு தலையாட்டுனது, எல்லாம் நானா சொன்ன பொய்யி. இந்த வயசுல உங்கள ஏமாத்திட்டேன். மன்னிச்சுக்கங்க. ஸ்பேனரக் குடுங்க, நானே கழட்டறேன்... குடுங்க சம்பந்தி. ஏன் அதப் புடிச்சுக்கிட்டே நிக்கறீங்க?

இளையபெருமாள்: மாசி எட்டு, பகல் பதினொன்னரை மணி. கோர்ட்டு வாசல்லேந்தே பிரேம் எனக்கு போன் போட்டுட்டான். அதுக்கப்பறம் இது நாலாவது ட்ரிப்பு. நாலு தடவயும் கல்லங்குறிச்சி கோயில்ல பெருமாளப் பாத்துட்டு வரேன்னு வூட்டுல சொல்லிட்டுத்தான் கேரவன எடுக்கறேன்... ஏடிவிய எறக்கப் பலகையப் போடுங்க சம்பந்தி, வெயில் ஏறுறதுக்குள்ள தண்ணிக்குப் போயிட்டு வந்துடலாம்.