வியாழக்கிழமை சவாரி

சாயாவில் சர்க்கரை சரியாக இருக்கிறது, சார். வீட்டில் வனிதா எனக்குச் சர்க்கரையே போடுவதில்லை, டாக்டர் சொன்னாராம். ஸ்டேஷனுக்கு வந்தால் இப்படி ஒரு லாபம் உண்டு என்று தெரிந்திருந்தால் எப்போதோ வந்திருப்பேன். நீங்கள் மாற்றலாகி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லையே, ஏசுதாஸ் சார், அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். எழுதிக்கொண்டே வாருங்கள். நான் எதையும் மறுக்கப் போவதில்லை.

என் பெயர் பூபதிராஜா. கொழிஞ்சாம்பாறையில் பெயர் சொல்லித் தேடினால் கொஞ்சம் யோசிப்பார்கள், தோப்புப் பண்ணாடி என்று கேட்டால் வீடுவரை கூட்டிக்கொண்டே வந்துவிடுவார்கள். தோப்பு துரவு வைத்திருப்பவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவது. கொடுப்பதில் எனக்கு ஒரு பைத்தியம் உண்டு, சார். யாருக்காவது எதையாவது கொடுத்துவிட்டு வந்தால் அன்றைக்குக் கால் தரையில் பாவாது. போன வருஷம் எங்கள் குடும்பத்து வண்டியையே பாலியேட்டிவ்காரர்களுக்குத் தானம் பண்ணினேன். ஏழு பேர் தாராளமாக உட்காரலாம், மேட்டிலும் பள்ளத்திலும் யானை மாதிரிப் போகும். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற சங்கம் அது. பாவம், அவர்களிடம் இருந்தது ஒரு ஓட்டை ஆட்டோ.

அந்த விழாவை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெர்மாகோலில் என் உயரத்துக்கு ஒரு சாவி செய்திருந்தார்கள். செண்டைமேளம், பொன்னாடை, சந்தைமுக்கில் என் படம் போட்ட பிளக்ஸ். படத்தில் எனக்கு மாப்பிள்ளைக் களை. மலையாளத்தில் பேசினார்கள், தமிழில் பேசினார்கள், எல்லாமே என்னைப் பற்றித்தான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வனிதா காதோரம் வந்து, "ஏனுங்க, போதுமுங்க, பல்லு காஞ்சு போயிரும்" என்றாள். கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சிரித்ததில்லை, சார்.

ஏன் விற்காமல் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விற்றால் வாங்குகிறவன் குனிந்து பார்ப்பான், தட்டிப் பார்ப்பான், நாலு கேள்வி கேட்பான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த மரியாதை நன்றாகத் தெரியும். சங்கத்துக்காரர்களே வசூல் பண்ணி வண்டிக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள், பம்பரை மாற்றினார்கள், இடது பக்க நெளிவைத் தட்டி எடுத்தார்கள். நெளிவு எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கவாட்டில் என் பெயரையும் எழுதினார்கள், நல்ல கொட்டை எழுத்தில்.

நெளிவு பால்காரர் சென்னிமலையால் வந்தது.

காலை நேரம், பனி இறங்கியிருந்தது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு அவர் மொபெட்டில் சொசைட்டிக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் வண்ணாமடையில் ஒரு பங்காளி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். வனிதா முந்தின நாளே போய்விட்டாள். வாட்ஸாப்பில் யாரோ காலை வணக்கம் அனுப்பியிருந்தார்கள். பதில் வணக்கம் போடாவிட்டால் மரியாதையாக இருக்காதே, பூப்படம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் சத்தம் கேட்டது.

நான் நிற்காமல் ஓடிய ஆள் இல்லை, சார், அதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள். இறங்கிப் பார்த்தேன். வாய்க்கால் ஓரம் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தார். பால் தார் ரோட்டில் ஓடி என் செருப்புவரை வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் பால் கொட்டினால் சகுனம் சரியில்லை என்பது உங்களுக்குத் தெரியும். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும். மைல் கல்லின்மேல் உட்கார்ந்தேன், பாட்டிலைத் திறந்து குடித்தேன். அவருக்கும் ஒரு வாய் கொடுக்கலாம் என்றுதான் மனசு சொன்னது. அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று எங்கேயோ படித்தது நல்லவேளையாக ஞாபகம் வந்தது. பிறகு கிளம்பினேன். அங்கே பால் காய்ச்சுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டேன். முன்பக்கம் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம் எருமை குறுக்கே வந்தது என்றேன். இட்லி பஞ்சு மாதிரி இருந்தது.

அவர் சாகவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை, பேச்சு போய்விட்டது, அவ்வளவுதான். இடித்த வண்டி எது என்று உங்களுக்கு முன்னால் இருந்தவரும் கண்டுபிடிக்கவில்லை. கால் வராது, ஆனால் வாராவாரம் பாலக்காட்டுக்குக் கூட்டிப் போய்ப் பயிற்சி கொடுத்தால் பேச்சு நிச்சயம் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னாராம். தள்ளிப் போட்டால் கஷ்டம் என்றும் சொன்னாராம். அவர் மனைவி மருதாத்தாள் சங்கத்தில் வந்து அழுதாள். கூட்டிப் போக ஆள் இல்லை, வண்டி இல்லை. வண்டிதான் நான் கொடுத்தாகிவிட்டதே. ஒவ்வொரு கிழமைக்கும் ஊரில் ஒருவர் சம்பளமில்லாமல் ஓட்டுவது அங்கே வழக்கம். வியாழக்கிழமையை நான் கேட்டு வாங்கினேன்.

முதல் வியாழக்கிழமை அக்கம்பக்கத்து ஆட்கள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் வைத்தார்கள். என் முகத்தைப் பார்த்தாரோ இல்லையோ, உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. கண்ணில் நீர் கொட்டியது, தொண்டையில் ஏதோ சத்தம். மருதாத்தாள் அவர் தலையைக் கோதிவிட்டு என் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள்.

"பாருங்க பண்ணாடி, உங்களக் கண்டதும் அவருக்கு நன்றியில கண்ணுத்தண்ணி நிக்க மாட்டேங்குது. வாய்தான் இல்லீங்க, மனசு பூரா நீங்கதானுங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்தார்கள். நானும் அழுதேன், சார். பொய்யழுகை இல்லை. ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது.

மருதாத்தாளுக்கு மாடு இருக்கிறது, கூலி வேலை இருக்கிறது, கூட வர முடியாது. அதனால் நானும் சென்னிமலையும் மட்டும். பாலக்காட்டுக்கு நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடப்பது யாருக்குத்தான் பிடிக்கும்? மீன்கரை அணைப் பக்கம் கூட்டிப் போவேன். ஜன்னலைத் திறந்துவிட்டால் சிலுசிலுவென்று காற்று வரும். சூடாகப் பழம்பொரி வாங்கிப் பிய்த்துப் பிய்த்து ஊட்டுவேன். அந்தப் பிளக்ஸ் இன்னும் கிழியாமல் இருப்பதைச் சொல்வேன், வனிதாவின் கெடுபிடியைச் சொல்வேன், நானே சிரிப்பேன். அவர் ஒரு கையால் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டே இருப்பார். விழுந்துவிடப் போகிறார் என்று சைல்டு லாக் போட்டு வைத்திருந்தேன். அந்த மனுஷரிடம் பேசின அளவுக்கு நான் கூடப்பிறந்தவனிடமும் பேசினதில்லை.

சாயங்காலம் திரும்பினால் மருதாத்தாள் வாசலிலேயே நிற்பாள். "இன்னிக்கு ஏதாச்சும் பேசினாருங்களா?" என்பாள். அவள் முகத்தைப் பார்த்தால் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. "மா வரைக்கும் வந்துருச்சு, மருதாத்தா. இன்னும் கொஞ்ச நாள்தான்" என்பேன். அதற்கப்புறம் அவள் தினமும் அவர் எதிரே உட்கார்ந்து, "மா சொல்லுங்க, ஒரே ஒருக்கா, எனக்காக" என்று கெஞ்சிக்கொண்டு இருப்பாளாம். ஒரு நல்ல வார்த்தை மனுஷர்களுக்கு எவ்வளவு தெம்பு தருகிறது பாருங்கள்.

மழைக்காலம் முழுக்க இப்படி சந்தோஷமாகப் போனது. கெடுத்தவள் நிமி. சங்கத்துக்குப் புதிதாக வந்த நர்ஸ், மலையாளத்துப் பெண். நேராக ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்திருக்கிறாள்.

"பண்ணாடி, சென்னிமலைச் சேட்டன் அங்க ஒரு தடவகூட வந்திட்டில்லன்னு சொல்றாங்க. நீங்க எங்க கொண்டு போனீங்க?"

"நல்ல காத்து வாங்கத்தான் சிஸ்டர் கூட்டிட்டுப் போனேன். மனசு நல்லாயிருந்தா உடம்பு தன்னால தேறும்ல?"

அவள் கமிட்டியைக் கூட்டி என்னிடமிருந்து சாவியை வாங்கிவிட்டாள். வியாழக்கிழமைகளில் அவளே கூட்டிப் போக ஆரம்பித்தாள். எனக்குச் சோறு இறங்கவில்லை, சார். என் பெயர் எழுதின வண்டி என் வீட்டு வழியாகப் போகிறது, நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

நேற்று மனசு கேட்கவில்லை. ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு சென்னிமலையைப் பார்க்கப் போனேன். மருதாத்தாள் மரியாதையாக நாற்காலி போட்டாள். அவர் என்னைப் பார்த்தார். கையைத் தூக்கினார், விரலை என் பக்கம் நீட்டினார், வாய் கோணிக்கோணி வந்தது. பிறகு தெளிவாகச் சொன்னார், "இவரு."

மருதாத்தாள் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிக்கொண்டாள். "பேசிட்டீங்களே, சாமீ, பேசிட்டீங்களே" என்று சிரிக்கிறாள், அழுகிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது, சார். தாலி கட்டின மனைவி எதிரே நிற்கிறாள், அவளைக் கூப்பிடவில்லை. மனுஷர் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை என்னைப் பற்றி.

"இவருக்கு என்னங்க? பண்ணாடிக்கு என்னங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் கட்டிலைப் படீர் என்று ஓங்கி அடித்தார். "இவருதான்" என்றார். மறுபடியும் அடித்தார். "வண்டி. இவருதான்."

மருதாத்தாளின் சிரிப்பு அப்படியே நின்றது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். "எந்திரிச்சுப் போயிருங்க" என்றாள். பண்ணாடி என்றுகூடச் சொல்லவில்லை. பழத்தையும் வாசலில் வீசிவிட்டாள்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதற்காகத்தான் வந்தேன். என்ன சார், பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? இடித்ததற்கு என்ன உண்டோ அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் என் புகாரையும் எழுத வேண்டும். அந்த மனுஷரைக் கட்டிலில் கிடத்தியது நான். அவருக்காக வண்டி கொடுத்தது நான். வாயில் ஊட்டிவிட்டது நான். நேற்று வந்த நிமிக்கு அவர்மேல் என்ன உரிமை இருக்கிறது? நாளைக்கு வியாழக்கிழமை, சார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் சாவியைக் கொடுத்துவிடுவார்கள்.