தோரா கீழ வரல

இல்லம்மா, போதும். ரெண்டு வாஃபிள் தின்னாச்சு. சீஸ் வேற இவ்ளோ தடியா வெட்டி வெச்சிருக்கீங்க... சரி, வையுங்க. காபி மட்டும் இன்னும் கொஞ்சம் ஊத்துங்க.

தோராவோட பனிச்சறுக்குக் கட்டை, துணிப்பை எல்லாம் வாசல்ல சாய்ச்சு வெச்சிருக்கேன். உங்க பொண்ணு மாடியிலேர்ந்து கீழ வரமாட்டேங்குறாளா? பரவால்ல, கூப்பிடாதீங்க. விடுங்க.

பயிற்சி முகாம்ல என்ன சாப்பிட்டான்னா கேக்குறீங்க? எப்படிச் சொல்றது... ஒரே ரூம்ல இருந்தவ, எனக்குத் தெரியாம இருக்குமா. காலைல ஓட்ஸ் கஞ்சிய முன்னாடி வெச்சுக்கிட்டு கிண்டிக்கிட்டே இருப்பா. நாங்கெல்லாம் மறுபடி வாங்கப் போவோம், அவ இன்னும் கிண்டிக்கிட்டுதான் இருப்பா. என்னடி, கஞ்சிக்குத் தாலாட்டா பாடுறேன்னு கேலி பண்ணுவேன். சிரிச்சுக்கிட்டே தட்ட என் பக்கம் தள்ளிடுவா. நானும் தின்னுடுவேன். ஆமா, தின்னேன்.

போன வருஷம் எடை குறைஞ்சப்ப நெசமாவே வேகம் கூடுச்சு, அதையும் சொல்லணும்ல. மேட்டுல எங்கள விட்டுட்டுப் பறந்துடுவா. கோச் யோஸ்தைன் எல்லார் முன்னாடியும், பாருங்கடி, இறகு மாதிரி ஏறுறான்னாரு. அந்த ஒரு வார்த்தை போதும், அதுக்கப்புறம் அவளுக்குச் சாப்பாடு எதுக்கு? பசிச்சாத்தான் தலை தெளிவா இருக்குன்னுவா. மாசாமாசம் வர்றது நின்னுபோச்சு. தொல்லை விட்டுதுன்னா. ஓய்வு நாள்ல கூட ஓட்டல் படிக்கட்டுல ஏறி ஏறி இறங்குவா.

அப்புறம்தான் அந்தக் கால். போன வாரம், பனிச்சறுக்குத் தொடர் ஓட்டத்துக்கு அவளையும் சேத்து நாலு பேர அறிவிச்ச அன்னைக்கு, பாத்ரூம்ல உக்காந்து முழங்காலுக்குக் கீழ அமுக்கிப் புடிச்சுக்கிட்டு அழுதா. அஸ்திரி, யார்கிட்டயும் சொல்லாதடி, ஞாயித்துக்கிழமை ஓடி முடிச்சிடறேன், அப்புறம் நானே சொல்றேன்னு என் கையப் புடிச்சுக்கிட்டா. கையில வெறும் எலும்புதாம்மா இருந்துச்சு. சரின்னேன்.

மறுநாள் டாக்டர் அவளக் கூப்பிட்டுக் கால ஸ்கேன் எடுத்துப் பாத்தா, எலும்புல விரிசல். இன்னொரு பந்தயம் ஓடியிருந்தா முறிஞ்சிருக்கும்னாங்க. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

இல்ல, கால் விஷயத்த கோச் சொல்லல. அவரத் திட்டாதீங்க. அதாவது திட்டுங்க, இறகுன்னு சொன்னாரே, அதுக்குத் திட்டுங்க, இதுக்கு வேண்டாம். டாக்டர்கிட்டப் போய்ச் சொன்னது நான்தான்.

அய்யோ, நன்றியெல்லாம் சொல்லாதீங்க. கைய விடுங்கம்மா, ப்ளீஸ். அவ கீழ வராததே நான் வந்திருக்கேன்னுதான். அவ கோவத்துல நியாயம் இருக்கு. பட்டினி கெடந்தத எவ்வளவு நாளா பாத்துக்கிட்டிருந்தேன், அப்பல்லாம் வாயத் தொறந்தேனா? அறிவிச்ச மறுநாள்தான் எனக்கு டாக்டர் ரூம் எங்க இருக்குன்னு தெரிஞ்சுது. அவ காலுக்காகத்தான் போனேன். அப்படித்தான் நெனைக்கிறேன்.

ஞாயித்துக்கிழமையா? டிவியில காட்டுவாங்க. அந்த நாலு பேர்ல நான் இல்லம்மா, அஞ்சாவதா இருந்தேன். இப்ப அவ இடத்துல நான்தான் ஓடறேன்.