மூன்று வெள்ளைக் கற்கள்

உங்கள் ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள் சார், நன்றாக இருக்கிறது. எங்கள் ஆபீஸில் ஆறு வகை காபி கிடைக்கும். ஒன்றையும் வாயில் வைக்க முடியாது.

பெயர் ஜெயகரன், வீடு, மூடிப்போன சுரங்கத்துத் தொழிலாளர்களின் ஸ்கெலட்டன் லைனில். பெங்களூரில் பெரிய கன்சல்டிங் கம்பெனியில் ஆறு வருஷமாக வேலை. முதல் வருஷம் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு நான் ரயிலுக்குக் கிளம்பும்போது, தெருமுனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். பிரமோஷன் வந்தபோது சர்ச்சில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அடுத்த வருஷமே ப்ராஜெக்ட் எதுவும் இல்லாமல் நான்கு மாதம் உட்கார வைத்தார்கள். அப்போது லிஃப்டில்கூட எவனும் முகம் கொடுக்கவில்லை. அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை.

போன வருஷம் எங்கள் ஊரில் கிடங்கு கட்ட ஒரு கிளையண்ட் வந்தார். மேனேஜர் ராகேஷ் என்னைக் கேட்டு வாங்கிக்கொண்டார். எங்கள் லைன் வீடுகளை ஒட்டித் தரைக்குக் கீழே பழைய சுரங்கம் தோண்டிய வெறும் பொந்து, நிரப்பாமல் லாரி விட்டால் வீடுகளும் சேர்ந்து இறங்கும் என்று ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் எழுதினேன். ராகேஷ் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டார்.

பிறகு, நிலம் அளக்கச் சம்மதம் என்று சொல்லி வீடு வீடாகக் கையெழுத்து வாங்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஏசுபாதம் மாமா மட்டும் பேனாவைப் பிடித்தபடி கேட்டார்: "இன்னாப்பா இது, இங்கிலீசுல கீது? வூட்டுக்கு ஒண்ணும் ஆவாதே?"

"ஒண்ணும் ஆவாது மாமா" என்றேன்.

அது வீட்டைக் காலி செய்யச் சம்மதிக்கும் தாள். முதல் கையெழுத்து என் அம்மாவுடையது. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அந்த வருஷம் ராகேஷுக்குப் பதவி உயர்வு. எனக்கு வருஷ மதிப்பீட்டில் கடைசி ரேங்க். காரணம் கேட்டேன். "உனக்கு ஊர்ப்பாசம் அதிகம்" என்று சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

உங்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரிந்திருக்காது. மழைக்குப் பிறகு எங்கேயாவது தரை உள்வாங்கினால், முதலில் பார்ப்பவர் மூன்று கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்து அங்கே வைப்பார். மூன்று வெள்ளைக் கல் இருக்கும் இடத்தில் கால் வைக்கக் கூடாது என்பதை எங்கள் குழந்தைகள் நடக்கப் பழகும்போதே கற்றுக்கொள்வார்கள். அந்தக் கற்களை யாரும் தொடுவதில்லை. பழைய சுரங்கவாய்க்குப் பக்கத்தில் போன மாதம் ஏசுபாதம் மாமா வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ராகேஷ் அங்கே நின்று, கிளையண்டுக்கு வீடியோ காலில் இடத்தைக் காட்டினார். "கிளையண்ட் லைன்ல இருக்கும்போது நீ வாயே திறக்கக் கூடாது" என்பது அவர் எனக்குப் போட்ட உத்தரவு. நான் திறக்கவில்லை. எதிரே இருக்கும் மண்மேடு முழுதாகப் படத்தில் விழவில்லை என்பதால் அவர் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கினார். இன்னும் பின்னால் போகலாமா என்று கண்ணால் கேட்டார். இன்னும் கொஞ்சம் என்று கை காட்டினேன். அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன், அவ்வளவுதான்.

கற்கள் அங்கே இருந்திருந்தால் அவர் விழுந்திருப்பாரா என்று நீங்கள் கேட்பது நியாயம். காலையிலேயே நான் அவற்றை எடுத்துப் புதரில் போட்டிருந்தேன். வீடியோவில் இடம் சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

அவர் உடனே சாகவில்லை. ஏதோ விளிம்பைப் பிடித்துத் தொங்கியிருக்க வேண்டும். கீழேயிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் புதரிலிருந்து மூன்று கற்களையும் எடுத்து வந்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். அதற்குள் சத்தம் நின்றிருந்தது. அப்புறம்தான் நூற்றெட்டுக்குப் போன் செய்தேன்.

குழந்தைகள் விளையாடுகிற இடம் சார். அப்படியே திறந்து போட்டுவிட்டு வர எனக்கு மனசு வரவில்லை.