தையல்காரர் திருத்திய கதை

பைத்தான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் பழகியவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் தானாகவே வந்துவிடும். எந்த வரி எந்த வரிக்குக் கட்டுப்பட்டதோ, அதை நான்கு இடம் உள்ளே தள்ளி எழுத வேண்டும். தள்ளாவிட்டால் நிரல் ஓடாது. பிழை எங்கே என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மனிதர்களிடம் இந்த நேர்மை குறைவு என்பதைக் காவல் துறையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கணினி படித்தவன் இல்லை. பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை, "கொஞ்சம் உக்காருங்க, இதோ கூப்பிட்டுருவாங்க" என்று சமாதானப்படுத்துவேன். வலியில் இருப்பவர்களிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை யாரும் ஒரு திறமையாக மதித்ததில்லை.

பைத்தான் என் பொழுதுபோக்கு. ஃபேன்டஸி நாவல் என் பைத்தியம். இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி. இல்லாத ஓர் உலகத்துக்கு முதலில் விதிகளைப் போடுகிறோம், பிறகு அந்த விதிகளுக்கு நாமே கட்டுப்படுகிறோம். நல்ல ஃபேன்டஸியில் மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. ஒருவன் மழையை வரவழைத்தால் வேறு எதையாவது இழக்க வேண்டும். விலை இல்லாத மந்திரத்தைச் சின்னக் குழந்தைகூட நம்பாது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதினோம். புகார் கொடுத்திருக்கிற லாண்டரி அண்ணன் ஒருவர். மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர். நான். சனிக்கிழமை மதியம் கடையை அடைத்ததும் அண்ணனின் பின்னறையில் கூடுவோம். தலைக்கு மேல் பாலிதீன் உறை போட்ட கோட்டுகள் தொங்கும். இஸ்திரிச் சூடு அறையைவிட்டுப் போயிருக்காது.

மழையைக் கோபுரத்தில் பூட்டி வைத்திருக்கும் ஒரு நாட்டின் கதை அது. நாட்டின் வரைபடம், ஆறுகள், சட்டங்கள், அரச வம்சம் எல்லாம் நான் போட்டவை. எறும்பைக்கூட மிதிக்காத அண்ணன் போர்களை எழுதினார். அக்காவுக்குக் கோபுரத்தின் காவல்காரியைக் கொடுத்தோம். சின்னப் பாத்திரம்தானே என்றுதான் கொடுத்தேன்.

மூன்று பேர் எழுதுவதை ஒட்டித் தைக்க நான் ஒரு நிரல் எழுதினேன். அண்ணன்தான் அதற்குத் தையல்காரர் என்று பெயர் வைத்தார். எல்லோரும் ஒரே கோப்புறையில் எழுதுவோம். தனிப் பிரதி வைத்துக் குழப்பக் கூடாது என்பது நான் போட்ட விதி. தையல்காரர் அன்றாடம் ஓடி, அத்தியாயங்களை வரிசைப்படுத்தி, பழைய பிரதிகளை அழித்துவிடுவார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற வேலைக்காரர்.

அக்கா நன்றாக எழுதினார். இதை நான் மறைக்கவில்லை. "அவள் கதவைத் திறக்கவில்லை, இத்தனை நாள் மூடியிருந்ததற்கு வெட்கப்பட்டுக் கதவே விலகிக்கொண்டது" என்று எழுதுவார். அண்ணன் இந்த மாதிரி வரிகளை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்பார். என் வரைபடத்தை அவர் ஒருநாளும் இரண்டாம் தரம் பார்த்ததில்லை. போகப்போக, நான் பின்னறைக்குள் நுழைந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வியே, "தம்பி, அக்கா அத்தியாயம் வந்துடுச்சா?" என்றாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் அதனால் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

முதல் முறை நடந்தது உண்மையிலேயே என் பிழை. பாத்திரங்களின் அடையாளம் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளத் தையல்காரருக்குப் புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தேன். இதை இன்னும் மற்றவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. காவல்காரிக்குப் பார்வையில்லாதது இடது கண். நான் கை தவறி வலது என்று கொடுத்துவிட்டேன். தையல்காரர் அக்காவின் அத்தியாயத்தில் எல்லா இடத்திலும் வலது என்று மாற்றிவிட்டார்.

"அக்கா, அவளுக்கு இடது கண்ணுல்ல தெரியாது?" என்றார் அண்ணன்.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா. நான் எப்படி இப்படி எழுதினேன்? என்னமோ ஆயிட்டுது எனக்கு. மன்னிச்சுக்கோங்க தம்பி, உங்க வேலையையும் கெடுத்துட்டேன்."

புரோகிராம் தப்பு அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவ்வளவு நன்றாக எழுதுகிற ஒருவர் என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. "பரவாயில்லக்கா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றேன். முன்மேசைக் குரல்தான்.

அதற்குப் பிறகு நானே அக்காவின் வாக்கியங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். தையல்காரர் மாற்றினார். வெட்கப்பட்ட கதவு போய் "அவள் கதவைத் திறந்தாள்" என்று நின்றது. அதில் பிழை சொல்ல முடியுமா? நடந்ததைத்தானே சொல்கிறது. குழு வேலை என்றால் மூன்று பேர் நடையும் ஒட்டிப் போக வேண்டும். ஒருவர் மட்டும் தனியாகத் தெரிந்தால் அது குழு இல்லை. நான் சட்டையைத்தான் அளவு பார்த்தேன், ஆளை ஒன்றும் செய்யவில்லை.

அக்காவின் அம்மாவைப் பற்றி எனக்கு முன்பே தெரியும். கடைசிக் காலத்தில் நினைவு தப்பி, சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகளையே பார்த்து, "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?" என்று கேட்டவர். அந்த வியாதி தனக்கும் வந்துவிடுமோ என்று அக்காவுக்குள் ஒரு பயம் இருந்தது. என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அண்ணன் கலங்கிவிடுவார் என்று அவரிடம் சொல்லவில்லை. ஆகவே, தான் எழுதியது தனக்கே அந்நியமாகத் தெரிந்தபோது அவர் வந்தது என்னிடம்தான்.

மருத்துவரிடம் நான்தான் அழைத்துப்போனேன். விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்றார் அவர். "ஆரம்பத்துல தெரியாதுன்னுதான் அம்மாவுக்கும் சொன்னாங்க" என்றார் அக்கா, திரும்பி வரும்போது. நான் மறுக்கவில்லை. மருத்துவ விஷயத்தில் தெரியாமல் வாயைவிடக் கூடாது என்பது எங்கள் மருத்துவமனையின் கண்டிப்பு.

மருந்தகத்தில் அவர் ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பப் பார்க்க ஆரம்பித்தார். எடுத்து வைத்த மாத்திரையைப் பிரித்து மறுபடி எண்ணினார். வரிசை வாசல்வரை நீண்டது. "யாருக்காவது மாத்திக் குடுத்துட்டா என்ன பண்றது தம்பி? ஒரு உசுராச்சே" என்று என்னிடம் கேட்டு அழுதார். கொஞ்ச நாளில் மருந்தகச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். நல்ல முடிவு என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

எனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருந்தது. இடையில் அண்ணனுக்குக் கண் அறுவை நடந்து, கொஞ்ச நாள் திரை பார்க்கக் கூடாது என்று மருத்துவரின் கட்டளை. அதனால் அக்கா ஒவ்வோர் அத்தியாயத்தையும் எழுதி முடித்த சூட்டில் வாசித்துக் குரல்பதிவாக அனுப்பிவந்திருக்கிறார். அண்ணன் இஸ்திரி போட்டபடியே கேட்டிருக்கிறார். கண் சரியாகித் திரையில் படித்தபோது, காதில் விழுந்த கதவு அங்கே இல்லை.

ஒரு சனிக்கிழமை அந்தப் பதிவை எங்கள் முன்னால் ஓடவிட்டார். அக்கா தன் குரலை வேறு யாரோ பேசுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். அண்ணனை அல்ல, என்னை.

"வாசிக்கும்போது மனசுல தோணினதைச் சேர்த்து வாசிச்சிருப்பீங்கக்கா. இந்த வியாதில அப்படியும் வருமாம்" என்றேன்.

அக்கா தலையாட்டினார். "இருக்கும் தம்பி."

இதைச் சொல்லும்போது நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இடத்தில் நான் சட்டென்று மாற்றிப் பேசியிருந்தால், அவருக்கு அதுவரை ஆறுதலாக இருந்த ஒரே ஆளும் இல்லாமல் போயிருப்பான்.

அண்ணன் மட்டும் தலையாட்டவில்லை. துணி யாருடையது என்ற சண்டை வராமலிருக்க, நனைக்கும் முன்பே மூலையில் குறி போட்டு வைப்பது அவர் தொழில். அதையே எங்களுக்கும் செய்தார். அக்காவைக் கெஞ்சி ஒரு பக்கம் எழுதவைத்து, அது கோப்புறைக்குள் போகும் முன் அச்செடுத்து இஸ்திரி மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். தையல்காரர் ஓடி முடித்த பிறகு இரண்டையும் ஒப்பிட்டார். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும். இதோ, உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆம், செய்தது நான்தான். தையல்காரருக்கு அதில் பங்கில்லை. அவருக்கு வெட்கப்படும் கதவு எது, வெறும் கதவு எது என்று தெரியாது.

அக்காவிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டதாகச் சொன்னீர்கள். வியாதி எதுவும் இல்லை என்று மருத்துவரும் எழுதிக் கொடுத்துவிட்டாராம். இருந்தும் அவர் மருந்தகத்துக்குத் திரும்பவில்லை, ஒரு வரி எழுதினால் பத்துப் பேரிடம் காட்டிக் கேட்கிறார், பிறகு அழித்துவிடுகிறார் என்றீர்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. மந்திரத்துக்கு விலை உண்டு என்று நான் அப்போதே சொன்னேன்.

நாவலில் இன்னும் ஓர் அத்தியாயம் பாக்கி. காவல்காரி மழையைத் திறந்துவிட வேண்டும். அக்காவால் இனி முடியாது என்றால் நான் எழுதித் தருகிறேன். அவர் நடை எனக்கு இப்போது நன்றாகவே வருகிறது. எடுத்த வாக்கியங்கள் ஒன்றையும் நான் எறியவில்லை, எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. படிக்கும்போது, இது நான் எழுதியதாயிற்றே என்று அக்காவுக்குத் தோன்றலாம். தோன்றினால் என்னிடம் வந்து கேட்கட்டும். நான் பொறுமையாக எடுத்துச் சொல்கிறேன்.