தாழ்வாரத்துக்குப் போன நாற்காலிகள்

நிலவிலே மனிதன் நடந்துவிட்டுத் திரும்பியதற்கு மறு வருடம். நம் ஆறு பெருகி, மெதடிஸ்ட் ஆலயத்தின் பெஞ்சுகளைப் பலசரக்குக் கடை வாசலில் கொண்டுவந்து போட்ட வருடம். மூன்றாம் சுரங்கத்தின் கூரை சரிந்து என் இடுப்பை நொறுக்கிய வருடம். எண்ணாகச் சொல்லத் தெரியாது. எழுத்தும் எண்ணும் என்னிடம் என்றுமே தங்கியதில்லை. நினைவு தங்கியிருக்கிறது. அந்த நினைவோடுதான் இந்த மேடையேறியிருக்கிறேன்.

அவையின் தலைமையை அணிசெய்யும் கல்லூரித் தலைவர் ப்ரூயிட் அம்மையார் அவர்களே! மலைக்கு அந்தப் பக்கமிருந்தும் வண்டி பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் கண்ணீரைக் கண்ணிலும் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இன்னும் சற்று நேரத்தில் நெஞ்சிலே செவிலியர் சின்னம் குத்திக்கொள்ளப்போகும் செல்வங்களே! கிழவன் டெல்மர் ஸ்லோனின் வணக்கம்.

"துணிச்சலைப் பற்றிப் பேசுங்க" என்றுதான் என்னை அழைத்தார்கள். மன்னிக்க வேண்டும் தலைவர் அவர்களே, நான் அச்சத்தைப் பற்றிப் பேசப்போகிறேன்!

கூரை சரிந்தபின் எங்கள் வீட்டில் சம்பாதிக்க யார் இருந்தார்? நானோ கட்டிலில். பிள்ளைகளோ தொட்டிலில். என் மனைவி வெர்னா இந்தக் கல்லூரிக்கு வந்து, செவிலியர் படிப்புக்கு இடம் கேட்டாள். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பிறகு இரவல் புத்தகத்தில் படித்துத் தேறியவள். கேள்வி கேட்க மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊன்றுகோலோடு நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"பிள்ளைங்களை யாரும்மா பாத்துப்பாங்க?" என்றார் ஒருவர்.

"இடுப்பு ஒடஞ்சவருக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருக்குங்க. அவரு பாத்துப்பாரு."

கைதட்டுகிறீர்களா? தட்டுங்கள். அவளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் இடம் கிடைப்பது வேறு, இருப்பது வேறு!

வகுப்பாசிரியர் அகஸ்டா ஹேட்சர் அம்மையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தி தோற்று வெளியேறினால் அவள் நாற்காலியைத் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடச் சொல்வார். காலி இடம் கண்ணில் படக்கூடாதாம். ராத்திரிச் சாப்பாட்டில் வெர்னா சோள ரொட்டியைப் பிட்டபடியே சொல்வாள்: "இன்னைக்கும் ஒரு நாற்காலி வெளிய போயிடுச்சு டெல்மர்." ரொட்டி கையிலேயே நிற்கும், வாய்க்குப் போகாது. தூக்கத்தில்கூட அவள் தன் நாற்காலியை இறுகப் பிடித்திருந்தாள் ஐயா!

பிறகு வந்தது செய்முறைத் தேர்வு. கிருமி நீக்கிய துணியை விரித்து, கையுறை மாட்டி, பொம்மையின் காயத்துக்குக் கட்டுப்போட வேண்டும். அந்தத் துணியின்மேல் வேறெதுவும் படக்கூடாது. பட்டால் தோல்வி. மறுதேர்விலும் பட்டால்? தாழ்வாரம்.

வெர்னா பாதி முடித்திருந்தாள். யாரோ கதவைத் தட்ட, ஹேட்சர் அம்மையார் திரும்பினார். அந்த நொடியில் அவள் சட்டைக் கை துணியின் ஓரத்தை உரசியது. கண்டவர் யார்? கேட்டவர் யார்? சுவரும் பொம்மையும்தான்! வெர்னா கையைத் தூக்கினாள். "மேடம், என் கை பட்டுடுச்சு. இது சுத்தமில்ல."

"தோல்வி" என்று எழுதிக்கொண்டார் அம்மையார். பாராட்டு இல்லை, புன்னகை இல்லை.

அன்று எங்கள் சமையலறை மேசையில் நால்வர். நான், வெர்னா, அதே தேர்வில் தானும் தோற்ற, அவளோடு ஒரே வண்டியில் போய்வரும் வகுப்புத் தோழி ஜோயெட்டா, வெர்னாவின் தம்பி ஹோபர்ட். ஹோபர்ட்டும் சுரங்கக்காரன், அவன் வாய்க்குப் பூட்டே கிடையாது.

"ஏன்க்கா, உனக்கு மூளை இருக்கா? யாரு பாத்தா?"

"நான் பாத்தேன்."

"பொம்மைக்கா சீழ் பிடிக்கப்போகுது? மச்சான், நீயாவது சொல்லேன்!"

நான் சொல்லவில்லை. ஏன்? சுரங்கத்தில் கூரையைக் கம்பியால் தட்டிக் கேட்போம். கணீர் என்றால் நிற்கலாம். உள்ளே வெற்றிடம்போலப் பொள்ளலாகக் கேட்டால் ஓட வேண்டும். என் நண்பன் ஆர்லிஸ் அன்று தட்டினான். பொள்ளல் அவன் காதில் விழுந்தது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. வேலை தாமதமாகுமே என்று விட்டுவிட்டான். கேட்டதை அவன் என்னிடம் சொன்னது, கூரை சரிந்த பிறகு, இருட்டில், என் பக்கத்தில் கிடந்தபடி. அதற்குப்பின் அவன் எதுவும் சொல்லவில்லை.

மறுதேர்வுக்கு வீட்டிலேயே பயிற்சி. துணி தேய்க்கும் பலகைமேல் வெளுத்த தலையணை உறை. இடுக்கிக்குப் பதில் கரண்டி. பொம்மைக்குப் பதில் நான்.

"அசையாத!"

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடு."

சிரிக்கிறீர்கள். அவள் சிரிக்கவில்லை. "பயமா இருக்கு டெல்மர்" என்றாள். "எனக்கும்தான்" என்றேன்.

தேர்வன்று தாழ்வாரத்தில் அந்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்கார மனம் வரவில்லை. கதவு திறந்தது. வேலையாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"யாருதுப்பா?"

"எனக்கு யாரு சொல்றா? தூக்குன்னாங்க, தூக்குறேன்."

பின்னாலேயே வெர்னா, முகம் முழுக்கக் கண்ணீர். என் ஊன்றுகோல் நழுவியது. அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "ஜோயெட்டாவோடது." அன்று வண்டியில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஜோயெட்டா உட்கார்ந்து வந்தாள். வென்றவளும் நடுங்கினாள், தோற்றவளும் நடுங்கினாள்.

ஆண்டுகள் சென்றன. வெர்னா வெள்ளுடையில் நின்ற மருத்துவமனைக்கே ஒருநாள் ஹோபர்ட்டைத் தூக்கி வந்தார்கள். பாறை விழுந்து தொடை கிழிந்திருந்தது. கட்டு மாற்றும்போது வலியில் அவன் போட்ட சத்தம் தெருவுக்குக் கேட்டது. கட்டி முடிக்கும் நேரம். வெர்னாவின் கை நின்றது. விரித்ததை எல்லாம் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

"என்னக்கா பண்ற? முதல்லேருந்தா? உயிரு போகுது! யாருமே..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பல்லைக் கடித்தான். "நீ பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்டா."

"அப்ப முதல்லேருந்தே கட்டு."

அந்த வாரம் பக்கத்துக் கட்டில்களில் புண் சீழ்வைத்துக் காலை இழந்தவர் உண்டு. உயிரை இழந்தவரும் உண்டு. ஹோபர்ட் நடந்து வீடு வந்தான்.

செல்வங்களே! இன்று சின்னத்தைக் குத்திக்கொள்ளுங்கள். அச்சத்தைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்! அயர்ந்த வேளையில் அஞ்சுங்கள்! அவசர வேளையில் அஞ்சுங்கள்! ஆசிரியர் திரும்பிய அந்த ஒரு நொடிக்கு அஞ்சுங்கள்! கை நடுங்கட்டும், நா நடுங்கக் கூடாது! ஊரே உறங்கினாலும், "நான் பார்த்தேன்" என்று சொல்ல ஒருத்தி விழித்திருக்க வேண்டாமா? அந்த ஒருத்தியை நம்பித்தானே நாங்கள் கண்ணை மூடிப் படுக்கிறோம்?

பொறுமையாகக் கேட்ட செவிகளுக்கு நன்றி. ஊன்றுகோலைப் பிடித்து மேடையேற்றிய கைகளுக்கு நன்றி. போகும் இடமெல்லாம் உங்களுக்கும், உங்கள் கையில் விழும் உயிர்களுக்கும் என் வணக்கம்.

ஹேட்சர் அம்மையார் மறைந்தார். ஜோயெட்டா போனாள். என் வெர்னா போன பனிக்காலத்தில் போனாள். அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில், என்னை விட்டால், உயிரோடிருப்பவர் ஒருவர்தான். அதோ, மூன்றாம் வரிசை ஓரத்தில், எழுந்து நிற்கிறார் பாருங்கள், இரண்டு கால்களில்: ஹோபர்ட் கோல்மன்.