ஆறாத நுரை

— தண்ணி கொதிக்குது. கிண்ணத்துல ஊத்தவாண்ணே?

— தளதளன்னு கொதிக்கிறத ஊத்துனா விரிசல் விட்டுடும் தம்பி, கொஞ்சம் அடங்கட்டும். முதல் தண்ணி கிண்ணத்தச் சூடாக்க மட்டும்தான். அதக் கொட்டிட்டு ரெண்டாவது ஊத்தணும். பதினோரு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தடவ வந்து உங்கப்பாவுக்குச் சவரம் பண்றேன், பக்கத்துலயே நிக்கிற, இன்னுமா தெரியல?

— செத்தவருக்கு எதுக்குண்ணே இவ்ளோ மெனக்கெடணும்? பச்சத்தண்ணி போதாதா?

— அட போப்பா. நுரை ஆறிப்போனா உங்கப்பா என்ன பண்ணுவாருன்னு உன் நெத்தியக் கேளு. கிண்ணத்தோட விளிம்பு எப்படி உடைஞ்சுது?

— மறக்குமா? தூக்கி எறிஞ்சாரு, நாலு தையல்.

— அதான். அதுக்கப்புறம் ஆறுன நுரைய ஒரு நாளும் அந்த முகத்துல நான் வச்சதில்ல. கடைசி நாள்ல போயி கெட்ட பேரு வாங்கணுமா? இப்ப ஊத்து, இந்தக் குழாய் வழியா. கிண்ணத்தோட அடிவயித்துல வெந்நீர், மேல்தட்டுல நுரை. எவ்வளவு நேரமானாலும் சூடு குறையாது. பாரு, எப்படிப் பொங்குதுன்னு.

— சீக்கிரம் முடிங்கண்ணே. மத்தியானம் அண்ணன் வந்துடுவான். வந்த உடனே எடுத்துடணும்.

— பதறாத காரியம் சிதறாது. எப்பப்பா உசுரு போச்சு?

— விடியறதுக்கு முன்னாடி.

— ஹும். கட்டில் சட்டத்துல அவரு உன்னக் கூப்பிட அடிக்கிற மணி தொங்குமே, எங்க?

— துணியில சுத்தி அலமாரில வச்சுட்டேன்.

— அதுக்குள்ளயா?

— சத்தம் தாங்கலண்ணே.

— யாரு அடிச்சா?

— யாரும் அடிக்கல, ஆனா கேக்குது. குளிச்சா கேக்குது, கண்ண மூடுனா கேக்குது. தண்ணி கொடு, முதுகச் சொறி, ஜன்னலச் சாத்து, ஜன்னலத் தொற. பதினோரு வருஷத்துல சேந்தாப்ல ஒரு மணி நேரம் தூங்கல நான். இது தாங்காமதான் என் பொண்டாட்டி பெட்டியத் தூக்கிட்டுப் போனா. இந்தா, இப்பக்கூட... உங்களுக்குக் கேக்கலையா?

— எனக்கு ஒண்ணும் கேக்கல தம்பி.

— பயமா இருக்குண்ணே. மண்ணத் தள்ளி மூடுனாத்தான் நிக்கும் போல.

— தூக்கம் கெட்டா அப்படித்தான் இருக்கும். நீ பாத்த மாதிரி எந்தப் புள்ளயும் அப்பன பாத்திருக்க மாட்டான், தெருவே சொல்லுது. உக்காரு. டாக்டர் வந்து பாத்துட்டாருல்ல?

— வந்து என்ன பண்ணப் போறாரு?

— எழுதித் தரணும்ல?

— அதெல்லாம் அண்ணன் பாத்துப்பான்.

— சரி, நமக்கென்ன. பெரியவரே, பிரஷ்ஷு வைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க, சூடு பதமாத்தான் இருக்கு. இந்தப் பக்கம்... அந்தப் பக்கம்... தம்பி, கன்னம் வெதுவெதுன்னு இருக்கே?

— உங்க நுரையோட சூடுண்ணே.

— அட ஆமால்ல! என் தொழில எனக்கே சொல்லித் தர்ற. ரெண்டு நிமிஷம் ஊறட்டும், முள்ளு தாடி.

— ஊறுனது போதும். கத்திய எடுங்க.

— இரு. இங்க வா.

— என்னண்ணே?

— மேலுதட்டப் பாரு. வச்ச நுரை வச்ச மாதிரி நிக்கணும். மத்த எடமெல்லாம் நிக்குது, மூக்குக்குக் கீழ மட்டும் குழி விழுது.

— பழைய சோப்பா இருக்கும்.

— புது சோப்புடா. இரு, இன்னொரு தடவ பூசுறேன். பூசிட்டேன். பாரு... பாரு... ஐயோ, விழுது! தம்பி, மூச்சு வருதுடா! உங்கப்பா சாகல! ஓடு, டாக்டரக் கூப்பிடு! ஏன்டா மரம் மாதிரி நிக்கிற?

— கத்தாதீங்கண்ணே.

— உசுரு இருக்குடா, நான் சொல்றது காதுல விழுதா இல்லையா?

— தெரியும்ண்ணே. காலையில ஏழு மணிக்கு அவரு கை அந்த மணியத் தேடுச்சு. அப்பத்தான் அதக் கழட்டி உள்ள வச்சேன்.